மலையேறும் பாக்கெட்டு உப்புவதேன்?
வியாபாரிகளுக்கு ஒரு வாயுக் கணக்குப் பாடம்



நமக்கு வாய்த்த படிப்பு மதரஸாவில் ஓதியதும், தமிழ்த் தொடக்கப் பள்ளியில் ஆறாண்டு படித்ததுமே. விஞ்ஞானப் பாடம் எழுத இவருக்குத் தகுதி ஏது என்று யாரேனும் கேட்டால், அது நியாயமான கேள்விதான். ஆயினும், ஒரு சிறு கணக்கை அறியாத காரணத்தால் நாம் ஓர் ஏழைப் பையனுக்கு அநியாயம் செய்துவிட்டோம். அந்தக் கணக்கை இப்போது கற்றுக் கொண்டோம். மலைமேல் கடை வைத்திருக்கும் மற்றச் சகோதரர்களுக்கும், மலைக்குச் சரக்கு அனுப்பும் சமவெளிச் சகோதரர்களுக்கும் இது உதவும் என்பதால் எழுதுகிறோம்.

நமது கடை இருப்பது ரிங்லெட்டில். தாப்பாவிலிருந்து 59-ஆம் எண் சாலையில் வளைந்து வளைந்து ஏறி வந்தால், கேமரன் மலையில் முதலில் எதிர்ப்படும் ஊர் இதுவே. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரம். 1929-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட போ தேயிலைத் தோட்டம் பக்கத்தில்தான் இருக்கிறது. தோட்டத்து மக்களும், காய்கறித் தோட்டக்காரர்களும், மலை பார்க்க வருகிறவர்களுமே நமது வாடிக்கைக்காரர்கள்.

நடந்தது இதுதான். சென்ற ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு முன்னால், கீழேயிருந்து முறுக்கு, கிழங்கு வறுவல் முதலிய பண்டங்கள் இருபது பெட்டி வந்தன. இறக்கிப் பார்த்தால் நான்கு பெட்டிகளில் பல பாக்கெட்டுகள் தையல் விட்டுக் கிடந்தன. மற்றவை பந்துபோல் உப்பி நின்றன. தோட்டத்து அம்மா ஒருவர் ஒரு பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்து, "என்ன பாய், கெட்டுப்போனதை எல்லாம் பிள்ளைக்கு விக்கிறீங்களே" என்று நாலுபேர் முன்னால் கேட்டுவிட்டார். வெட்கமும் கோபமும் நமக்கு ஒருங்கே வந்தன. கடைப் பையன்தான் பெட்டிகளை வீசி எறிந்து அடுக்கியிருப்பான் என்று முடிவுகட்டி, அவன் சம்பளத்தில் எண்பது வெள்ளியைப் பிடித்துக் கொண்டோம். "முதலாளி, நான் மெதுவாத்தான் எறக்கினேன்" என்று அவன் சொன்னான். நாம் கேட்கவில்லை.

சில வாரங்கள் சென்று ஓர் இரவு, நான்காம் படிவத்தில் படிக்கும் நமது மகள் பள்ளிக்கூடக் கணக்கு ஒன்றைப் போட்டுக் கொண்டிருந்தாள். ஒரு பலூன் மலைமேல் போகிறது, அதன் கன அளவு எவ்வளவாகும் என்பது கேள்வி. அவள் விடை எழுதிவிட்டு நிமிர்ந்து, "அத்தா, நம்ம கடை பாக்கெட்டும் இப்படித்தானே ஆகியிருக்கும்?" என்றாள். நமக்குத் திக்கென்றது. அன்றிரவே அவளை உட்கார வைத்து, அந்தப் பாடத்தை முதலிலிருந்து சொல்லச் சொன்னோம்.

காற்றுக்கும் பாரம் உண்டு

நம் தலைக்கு மேல் பல மைல் உயரத்துக்குக் காற்று நிற்கிறது. அந்தக் காற்றின் பாரம் எல்லாப் பொருளையும் எல்லாப் பக்கமும் அழுத்திக் கொண்டே இருக்கிறது. கடற்கரையில் அந்த அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 14.7 இராத்தல். மேலே போகப் போகத் தலைக்கு மேலுள்ள காற்று குறைவதால் அழுத்தமும் குறையும். ரிங்லெட்டில் ஏறத்தாழ 12.8 இராத்தல். வாகனச் சக்கரத்துக்குக் காற்றடிக்கும் கடையில் முப்பது, முப்பத்தைந்து என்று சொல்லுகிறார்களே, அதுவும் இந்த இராத்தல் கணக்கே.

இதை அறிந்தவர்கள் பலர். தராசைப் பற்றி 'மீஸானுல் ஹிக்மா' என்னும் நூலை ஹிஜ்ரி 515-இல், அதாவது 1121-22-இல், எழுதிய அப்துர் ரஹ்மான் அல்காஸினி என்ற அறிஞர், ஒரே பொருளை அடர்ந்த காற்றில் நிறுத்தால் எடை சற்றுக் குறையும், மெல்லிய காற்றில் நிறுத்தால் சற்றுக் கூடும் என்று அதில் விளக்கினார். தராசு பிடிக்கும் நமக்கு இது ஓர் உவப்பான செய்தியல்லவா?

பின்னர் 1643-இல் இத்தாலி நாட்டு டாரிசெல்லி பாதரசக் குழாயினால் காற்றின் அழுத்தத்தை அளக்கும் வழியைக் காட்டினார். 1648 செப்டம்பர் 19-ஆம் தேதி, பிரான்சு நாட்டில் பாஸ்கல் என்பவர் கேட்டுக் கொண்டபடி, அவர் மைத்துனர் பெரியே என்பவர் அக்குழாயைப் பியூய் தெ தோம் என்ற மலைமேல் கொண்டு சென்றார். அடிவாரத்தில் நின்ற மட்டத்தைவிட மலையுச்சியில் பாதரசம் மூன்று அங்குலத்துக்கு மேல் இறங்கி நின்றது. உயரம் போனால் அழுத்தம் குறையும் என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

பாயில் கண்ட விதி

1662-ஆம் ஆண்டில் இராபர்ட் பாயில் என்பவர் ஒரு விதியை வெளியிட்டார். வளைந்த கண்ணாடிக் குழாயின் மூடிய கையில் கொஞ்சம் காற்றை அடைத்து, திறந்த கையில் பாதரசத்தை ஊற்றிக் கொண்டே வந்தார். அழுத்தம் இரு மடங்கானபோது உள்ளிருந்த காற்று பாதியாகச் சுருங்கியது. அழுத்தம் கூடினால் கன அளவு அதே விகிதத்தில் குறையும். அழுத்தம் குறைந்தால் கன அளவு அதே விகிதத்தில் கூடும். கணக்காக எழுதினால்:

முதல் அழுத்தம் × முதல் கன அளவு = இரண்டாம் அழுத்தம் × இரண்டாம் கன அளவு

இந்தச் சமன்பாட்டுக்கு நான்கு நிபந்தனைகள் உண்டு. காற்று வெளியே கசியக் கூடாது. புதிதாக உள்ளே சேரக் கூடாது. உஷ்ணம் மாறக் கூடாது. அழுத்தம் என்பது முழு அழுத்தமாக இருக்க வேண்டும். இந்த நான்காவதைப் பற்றிப் பின்னர் சொல்லுவோம்; பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவது அங்கேதான்.

முதற் கணக்கு: முறுக்குப் பாக்கெட்டு

சமவெளியில் 14.7 இராத்தல் அழுத்தத்தில் ஒரு பாக்கெட்டு அடைக்கப்பட்டது. அதனுள் இருக்கும் வாயு 350 மில்லி லிட்டர். 12.8 இராத்தல் அழுத்தமுள்ள ரிங்லெட்டில் அந்த வாயு எவ்வளவு இடம் கேட்கும்?

வார்த்தைக் கணக்கைக் கண்டதும் முதலில் தெரிந்தவற்றை வரிசையாக எழுதிக் கொள்ள வேண்டும். முதல் அழுத்தம் 14.7. முதல் கன அளவு 350. இரண்டாம் அழுத்தம் 12.8. தெரியாதது இரண்டாம் கன அளவு ஒன்றே. எனவே 14.7-ஐ 350-ஆல் பெருக்கி 12.8-ஆல் வகுக்க வேண்டும். பெருக்கினால் 5,145. வகுத்தால் 402 மில்லி லிட்டர் சொச்சம்.

விடை வந்ததும் மூடிவிடக் கூடாது. அது அறிவுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். மேலே போனால் அழுத்தம் குறைவு. ஆகவே காற்று விரிய வேண்டும். விடை 350-க்கு மேல் வரவேண்டும். வந்திருக்கிறது. ஒருவர் தவறிப்போய் 12.8-ஆல் பெருக்கி 14.7-ஆல் வகுத்திருந்தால் 305 வந்திருக்கும். மலையேறிய பாக்கெட்டு சுருங்கியது என்று அந்த விடை சொல்லும். தவறு உடனே பிடிபடும்.

இரண்டாம் கணக்கு: குளிரும் வெயிலும்

ஆனால் மலைமேல் குளிர் இருக்கிறதே என்று கேட்கலாம். சரியான கேள்வி. பிரான்சு நாட்டு சார்ல்ஸ் 1787 வாக்கில் ஆராய்ந்து, கே-லூசாக் 1802-இல் வெளியிட்ட விதிப்படி, வாயு குளிர்ந்தால் சுருங்கும், சூடேறினால் விரியும். இங்கே உஷ்ணத்தைச் சாதாரண டிகிரியில் போடலாகாது. அத்துடன் 273-ஐக் கூட்டிக் கெல்வின் அளவாக்கியே போட வேண்டும்.

சமவெளியில் 30 டிகிரி என்றால் 303. ரிங்லெட்டில் 22 டிகிரி என்றால் 295. முன்னே வந்த 402-ஐ 295-ஆல் பெருக்கி 303-ஆல் வகுத்தால் 391 மில்லி லிட்டர். உயரத்தால் 52 மில்லி கூடியது. குளிரால் 11 மில்லி மட்டுமே குறைந்தது. உயரமே வென்றது.

இதைச் சோதித்துப் பார்க்கவும் செய்தோம். தெலுக் இந்தானில் கடை வைத்திருக்கும் நம் மச்சானிடம் சொல்லி, அதே பண்டத்தின் ஒரு பாக்கெட்டை வாளித் தண்ணீருக்குள் வைத்துத் திறந்து, வெளிவரும் காற்றைத் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்த அளவுக் குவளையில் பிடிக்கச் சொன்னோம். அவருக்கு 350 மில்லி கிடைத்தது. இங்கே நாமும் மகளும் அவ்வாறே செய்தோம். 390-க்குச் சற்று மேலே நின்றது. பாஸ்கலும் அவர் மைத்துனரும் செய்த வேலையை நாமும் நம் மச்சானும் செய்தோம் என்று வீட்டில் ஒரே சிரிப்பு.

பிறகு வெறும் பாக்கெட்டில் தண்ணீர் ஊற்றி அளந்து, பண்டம் அடைக்கும் இடத்தைக் கழித்துப் பார்த்ததில், காற்றுக்கு ஏறத்தாழ 400 மில்லி இடம்தான் உண்டு என்று தெரிந்தது. 391 அதற்குள் அடங்கும். ஆனால் அன்று லாரி தார்ப்பாய் மூடியபடி உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றது நம் நினைவுக்கு வந்தது. உள்ளே 40 டிகிரி என்று வையுங்கள், கெல்வினில் 313. அப்போது 402-ஐ 313-ஆல் பெருக்கி 303-ஆல் வகுக்க, 415 மில்லி இடம் தேவை. இருப்பதோ 400. விரிய இடமில்லாத காற்று பாக்கெட்டின் சுவரை நெருக்கும்.

எவ்வளவு நெருக்கும்? உள்ளழுத்தம் 14.7-ஐ 350-ஆல் பெருக்கி 400-ஆல் வகுத்து, அதை 313-ஆல் பெருக்கி 303-ஆல் வகுத்தால் 13.3 இராத்தல். வெளியே 12.8. வித்தியாசம் அரை இராத்தல். பூ, அரை இராத்தல்தானா என்று எண்ண வேண்டாம். அது ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் உரியது. ஆறு அங்குல அகலமும் எட்டு அங்குல நீளமும் உள்ள பாக்கெட்டின் ஒரு பக்கம் 48 சதுர அங்குலம். ஆகவே ஒரு பக்கத்தின்மேல் ஏறத்தாழ 24 இராத்தல், அதாவது பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட தள்ளல். அதன்மேல் பெட்டிமேல் பெட்டியாக அடுக்கிய பாரம் வேறு. பலவீனமான தையல் விடாமல் என்ன செய்யும்?

கடைப் பையன் சொன்னது உண்மை என்று கணக்கே சாட்சி சொல்லிவிட்டது.

மூன்றாம் கணக்கு: இறங்கும் போத்தல்

இப்போது தலைகீழாகப் பார்ப்போம். ரிங்லெட்டில் ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலைக் குடித்து முடித்து, மூடியை இறுக்கி வண்டியில் போட்டுக் கீழே இறங்குகிறோம். உள்ளே 1,500 மில்லி காற்று, 12.8 இராத்தல். கீழே 14.7. 1,500-ஐ 12.8-ஆல் பெருக்கி 14.7-ஆல் வகுத்தால் 1,306. ஏறத்தாழ 194 மில்லி அளவுக்குப் போத்தல் நசுங்கும். போத்தலை யாரும் மிதிக்கவில்லை, காற்றுதான் மிதித்தது.

நான்காம் கணக்கு: காற்றடிக்கும் பம்பு

முழு அழுத்தம் என்று முன்னே சொன்னோமே, அதை இங்கே பார்க்கலாம். சக்கரத்தின் அழுத்தமானி காட்டும் எண், வெளிக்காற்றுக்கு மேலாக உள்ள மிகையை மட்டுமே காட்டும். மானி பூஜ்யம் காட்டினாலும் உள்ளே காற்று உண்டு. ஆகவே மானி எண்ணுடன் வெளியழுத்தத்தைக் கூட்டியே கணக்குப் போட வேண்டும்.

ஒரு சைக்கிள் டியூபில் 2 லிட்டர் இடம். மானி பூஜ்யம் காட்டுகிறது; டியூபு உருக்குலையாமல் இருக்கிறது. ரிங்லெட்டில் அதை 40 இராத்தலுக்கு ஏற்ற வேண்டும். பம்பின் ஓர் அடிக்குக் கால் லிட்டர் வெளிக்காற்று உள்ளே போகும். எத்தனை அடி அடிக்க வேண்டும்?

வேண்டிய முழு அழுத்தம் 40-உம் 12.8-உம் சேர்ந்து 52.8. அந்தக் காற்றை வெளியில் விட்டால் பிடிக்கும் இடம், 2-ஐ 52.8-ஆல் பெருக்கி 12.8-ஆல் வகுக்க, 8.25 லிட்டர். ஏற்கெனவே உள்ளது 2 லிட்டர். கழித்தால் 6.25. காலால் வகுத்தால் 25 அடி. இதையே சமவெளியில் போட்டால் 22 அடி போதும். மலைக்காற்று மெலிந்தது, ஆகவே மூன்று அடி கூடுதல்.

விதி பொருந்தாத இடங்கள்

எந்த விதிக்கும் எல்லை உண்டு. அதை அறியாமல் பாதி கற்றவன் ஆபத்தானவன். வியாபாரிகள் இரண்டு விஷயங்களை மறக்கலாகாது.

ஒன்று, அடுப்புக்கு விற்கும் வாயு உருளை. அதனுள் பெரும்பகுதி திரவமாக இருக்கிறது. உருளையில் பாதி தீர்ந்தாலும் அழுத்தம் பாதியாகாது. திரவம் கொஞ்சம் இருக்கும் வரை உஷ்ணத்துக்கேற்ற அழுத்தமே இருக்கும். எனவே பாயில் கணக்கால் மீதியைக் கண்டுபிடிக்க முடியாது. தராசுதான் வழி. உருளையின்மேல் பொறித்திருக்கும் வெற்று எடையை மொத்த எடையிலிருந்து கழித்தால் உள்ளே இருப்பது தெரியும். 14 கிலோ என்று விற்பதை ஒருமுறை நிறுத்துக் கொடுத்தால் வாங்குகிறவர் மனமும் நிறையும்.

மற்றொன்று உயிர் சம்பந்தப்பட்டது. மீன் டப்பா, இறைச்சி டப்பா உப்பியிருந்தால், மலைக்காற்று என்று சமாதானம் சொல்லி விற்கவே கூடாது. டப்பாக்களை அடைக்கும்போதே உள்ளே அழுத்தம் வெளியைவிடக் குறைவாக இருக்கும்படிதான் அடைக்கிறார்கள். ஆகவே ரிங்லெட் உயரத்துக்கு வந்ததால் மட்டும் நல்ல டப்பா உப்பாது. உப்பினால், உள்ளே கிருமிகள் வாயுவை உண்டாக்கியிருக்கலாம். போட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரும் நஞ்சு இத்தகைய டப்பாக்களில் உண்டாகியிருக்கக் கூடும். திறந்து மோந்தும் பார்க்க வேண்டாம், ருசியும் பார்க்க வேண்டாம். யார் கையிலும் அகப்படாதபடி அப்புறப்படுத்துங்கள்.

பாகுபடுத்த ஓர் எளிய வழி சொல்லுவோம். உலர்ந்த பண்டம், அதே பெட்டியில் எல்லாப் பாக்கெட்டும் ஒரே மாதிரி உப்பியிருக்கிறது, தேதியும் கடக்கவில்லை என்றால், அது மலைக்காற்றின் வேலை. ஈரப்பண்டமாயிருந்தாலோ, பத்தில் ஒன்று மட்டும் உப்பியிருந்தாலோ சந்தேகப்பட்டு விலக்கி வைக்க வேண்டும். பத்து வெள்ளி நஷ்டத்துக்கு அஞ்சி ஒரு பிள்ளையின் வயிற்றோடு விளையாடலாகாது.

கணக்குத் தீர்த்தது

மறுநாள் காலையில் கடை திறந்ததும் பையனைக் கூப்பிட்டோம். எண்பது வெள்ளியை அவன் கையில் கொடுத்து, "தப்பு நம்முடையது தம்பி, நீ சொன்னதுதான் நிஜம்" என்றோம். அவன் பணத்தை எண்ணாமலே சட்டைப் பையில் வைத்துக் கொண்டான். "அப்பவே சொன்னேனே முதலாளி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டி இறக்கப் போய்விட்டான். அந்த மாதம் ஊரிலுள்ள தாயாருக்கு அவன் குறைத்து அனுப்பியதை நாம் பிறகுதான் அறிந்தோம். பணத்தைத் திருப்பலாம், அந்த மாதத்தைத் திருப்ப முடியுமா?

தோட்டத்து அம்மாவுக்கும் உப்பிய பாக்கெட்டு ஒன்றை அவர் எதிரிலேயே திறந்து காட்டி விளக்கினோம். முறுக்கு மொறுமொறுவென்று இருந்தது. சரக்கு அனுப்புகிறவருக்கும் எழுதினோம்: 400 மில்லி இடமுள்ள பாக்கெட்டில், 40 டிகிரி வெயிலையும் தாங்க வேண்டுமானால், கீழே 337 மில்லிக்கு மேல் காற்று அடைக்காதீர்கள் என்று. 400-ஐ 12.8-ஆல் பெருக்கி 14.7-ஆல் வகுத்து, அதை 303-ஆல் பெருக்கி 313-ஆல் வகுத்தால் இந்த எண் வரும். இப்போது மலைக்கு வரும் பெட்டிகளில் காற்றைக் குறைத்தே அடைத்து அனுப்புகிறார். தையல் விடுவது அநேகமாக நின்றுவிட்டது.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சிக் கணக்கு வைத்து முடிக்கிறோம். சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் பட்டணத்தில் காற்றழுத்தம் 12.4 இராத்தல் என்று கொள்க. சமவெளியில் 14.7 இராத்தலில் 350 மில்லி வாயுவோடு அடைத்த பாக்கெட்டு, உஷ்ணம் மாறாமல் அங்கே போனால், வாயு எவ்வளவு இடம் கேட்கும்? விடை 415 மில்லி லிட்டர். விடையைச் சொல்லிவிட்டோம், வழியைப் பிள்ளைகளே எழுதிக் காட்டட்டும். வீட்டில் பிள்ளை கணக்குப் போடும்போது, வியாபாரிகளாகிய நாம் பக்கத்தில் சற்று உட்கார்ந்து, அது என்ன கணக்கு என்று கேட்போமாக. நம் கடைக் கணக்கு அதற்குள்ளும் இருக்கக் கூடும்.

வஸ்ஸலாம்.